கேட் திறக்கிறது, மூட மறுக்கிறதா? மோட்டாரை விட்டுவிட்டு சென்சாரைப் பாருங்கள்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஸ்லைடிங் கேட்டுக்குப் போன அக்டோபரில் மோட்டார் போட்டோம். இந்த மார்ச்சில் ஒரு பிரச்சினை. காலை ஆறரை மணிக்கு ரிமோட்டை அழுத்தினால் கேட் திறக்கும், ஆனால் மூடாது. ஏழரைக்கு மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒழுங்காக ஓடும். பார்க்க வந்தவர், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். போர்டில் ஒரு கோளாறும் இல்லை என்று நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதே இடத்தில் இன்னொருவர் பணத்தை விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கேட் எப்படி ஓடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டின் அடியில் நீளமாக ஒரு பல் பட்டை இருக்கும், அதை ரேக் என்பார்கள். மோட்டாரின் பல்சக்கரம் அதைத் தள்ளுவதால் கேட் நகர்கிறது. பட்டையின் இரண்டு முனையிலும் காந்தம் அல்லது தகடு இருக்கும். மோட்டார் அதை உணர்ந்து நின்றுவிடும். அதுதான் லிமிட். வாசலின் இரு தூண்களிலும் எதிரும் புதிருமாக இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, அவைதான் சென்சார். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் குழந்தையோ நாயோ காரோ வந்தால் ஒளி அறுபடும், கேட் மூடாது.

முதல் படி: கையால் தள்ளிப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு, மோட்டாரின் பக்கத்தில் இருக்கும் சாவியைத் திருப்பி கியரை விடுவியுங்கள். இப்போது கேட் ஒரு கையால் தள்ளினாலே உருள வேண்டும். உருளவில்லை என்றால் டிராக்கில் மண், கல், தேய்ந்த சக்கரம், இவற்றில் ஒன்றுதான் காரணம். அதைச் சரி செய்யாமல் மோட்டாரைத் தொடாதீர்கள். பட்டைக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கேட்டின் எடை பல்சக்கரத்தின் மேல் உட்காரக் கூடாது. பட்டைக்கு கிரீஸ் தடவச் சொல்பவர்கள் உண்டு, நான் வேண்டாம் என்பேன். நம் தெருப் புழுதி அதில் ஒட்டி, பல்லை அரம் போல அறுத்துவிடும்.

இரண்டாம் படி: சென்சார். நான் நாலு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

திறக்கும்போது பெரும்பாலான போர்டுகள் சென்சாரைக் கண்டுகொள்வதில்லை, மூடும்போதுதான் பார்க்கும். அதனால் 'திறக்கும், மூடாது' என்றாலே சந்தேகம் சென்சார் மேல் போக வேண்டும். முதலில் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, சிலந்தி வலையை எடுத்துவிடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். அடுத்து, ஒளியை வாங்கும் பெட்டியின் மூடியைக் கழற்றி, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே கையை நீட்டி எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் 'டிக்' என்று சத்தம் போட்டு, சின்ன விளக்கு மாற வேண்டும்.

எனக்குக் காலை ஆறே முக்காலுக்கு அந்த டிக் கேட்கவே இல்லை. யதேச்சையாகச் செய்தித்தாளை அந்தப் பெட்டிக்கு மேலே குடை மாதிரி பிடித்தேன். உடனே டிக். தாளை எடுத்தேன், விளக்கு பழையபடி மாறிவிட்டது. வெயில்தான் காரணம்! எங்களுடையது தெற்குப் பார்த்த வீடு. வாங்கும் பெட்டி மேற்குத் தூணில் கிழக்கு நோக்கி இருந்தது. எதிரே காலி மனை, மறைப்பு எதுவும் இல்லை. மார்ச் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். அந்த இளவெயில் நேராக உள்ளே விழுந்து, எதிர்த் தூணிலிருந்து வரும் மெல்லிய ஒளியை மூழ்கடித்துவிட்டது. அக்டோபர் கடைசியில் மாட்டியபோது சூரியன் தெற்கே நகர்ந்திருந்ததால் இது யாருக்கும் தெரியவில்லை.

தீர்வு, இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றுவதுதான். வாங்கும் பெட்டி இப்போது கிழக்குத் தூணில் மேற்கு நோக்கி இருக்கிறது. மாலை வெயிலைப் பக்கத்து வீட்டு வேப்பமரம் மறைத்துவிடுகிறது. மறைப்பு இல்லாதவர்கள் பெட்டிக்கு மேல் பிவிசி பைப்பை வெட்டி ஒரு சின்னக் கூரை வையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். அனுப்பும் பெட்டிக்கு இரண்டு ஒயர் போதும், வாங்கும் பெட்டிக்கு நாலு வேண்டும். நான் புதிதாக ஒயர் இழுக்க வேண்டியதாயிற்று. புதிதாக வீடு கட்டுபவர்கள் இரண்டு தூணுக்கும் நாலு கோர் கேபிளே போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: சென்சார்தானா என்று உறுதி செய்ய. மெயினை அணைத்து, போர்டில் சென்சார் ஒயரைக் கழற்றி, அந்த முனையையும் 'காம்' (COM) என்ற பொது முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். இந்தச் சுற்று எப்போதும் இணைந்தே இருக்க வேண்டும், இணைப்பு விட்டுப்போனால் கேட் மூடாது. மறுபடி கரண்டைப் போட்டதும் கேட் மூடினால் குற்றவாளி சென்சார்தான். ஐந்து நிமிடச் சோதனைக்கு மட்டும் இது. அப்படியே விட்டுவிடாதீர்கள், நானூறு கிலோ இரும்பு குழந்தையின் மேல் வரும். போர்டில் கை வைக்கும் முன் மல்டிமீட்டரால் கரண்ட் இல்லை என்று பாருங்கள். டெஸ்டரை மட்டும் நம்பி நான் வேலை செய்வதில்லை.

பின்சேர்க்கை: திருவான்மியூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் மோட்டார் 'உம்' என்று உறுமுகிறது, நகரவில்லை. 230 வோல்ட் மோட்டார் என்றால் பெரும்பாலும் அது கிளம்ப உதவும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும். மெயினை அணைத்த பிறகும் அதில் கரண்ட் தங்கும் என்பதால் இதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கடலோர உப்புக்காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்துப் போவதும் அங்கே சகஜம். முனையைச் சுரண்டி, நுனியை வெட்டிப் புதிதாக மாட்டினாலே சரியாகும். ஒயர் நுழையும் ஓட்டையை சிலிகான் வைத்து அடையுங்கள், எறும்பும் பல்லியும் அந்த வழியாகத்தான் போர்டுக்குள் போகின்றன.