பால்வினை நோய் ஸ்கிரீனிங்: புதுசா வர்றவங்க பண்ற தப்புங்க

எங்க கிளினிக்ல புதுசா சேர்ந்த ரெண்டு நர்ஸ் தங்கச்சிங்க வயசுப் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் பத்தி விளக்குறத போன வாரம் பக்கத்துல நின்னு கேட்டேன், பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்ன அதே பேச்சு, அதே தப்பு. கிளவுஸ் போடணும், பாட்டில்ல பேர் ஒட்டணும்ங்கறதெல்லாம் இங்க எழுதல.

"எல்லாத்தையும் சேர்த்து பாத்துடலாம்"

இத கேட்டா இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வருது. பேக்கேஜ்ல ஹெர்பிஸ் (கொப்புளம் வர வைக்கற வைரஸ்) ரத்த டெஸ்டும் ஒண்ணா கிடக்கும். 22 வயசுப் பொண்ணு, ஒரு கொப்புளம்கூட வந்ததில்ல, நாந்தான் "அதையும் எடுத்துக்கம்மா"ன்னேன். பாசிட்டிவ், ரிப்போர்ட்ல போட்டிருந்த இண்டெக்ஸ் நம்பர் 1.4. மறுநாள் காலையில கிளினிக் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது, ரிப்போர்ட்ட எட்டா மடிச்சு ஈஸி-லிங்க் பஸ் கார்டு உறைக்குள்ள வெச்சிருக்கு, "அக்கா, இனி எனக்கு கல்யாணமே ஆகாதா?"ன்னு கேக்குது. வேற முறையில திரும்பப் பாத்தப்ப நெகட்டிவ், ஆனா அதுக்குள்ள அது பழகிட்டிருந்த பையன் விட்டுட்டுப் போயிட்டான், காசும் ரெண்டு மடங்கு போச்சு.

இந்த நம்பர் 1.1லேருந்து 3 வரைக்கும் வர்ற பாசிட்டிவ்ல பொய்யானது நிறைய. ஆயிரம் பேர்ல பத்து பேருக்குத்தான் ஒரு நோய் இருக்குன்னு வெச்சுக்கங்க, நோய் இல்லாதவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர டெஸ்ட் தப்பா காட்டினாலே இன்னொரு பத்து பேர் சும்மா மாட்டுவாங்க. அறிகுறி இல்லாதவங்களுக்கு ஹெர்பிஸ் ரத்த டெஸ்ட் வேணாம்னு அமெரிக்க தடுப்பு மருத்துவக் குழு 2016லயும் 2023லயும் சொல்லிடுச்சு.

அதே குழுதான் உடலுறவுல இருக்கற 24 வயசு வரைக்குமான பொண்ணுங்களுக்கு கிளாமிடியா, கொனோரியா (ரெண்டும் பாக்டீரியாவால வர்ற பால்வினை நோய்) கட்டாயம் பாருங்கன்னுது. கிளாமிடியா பெரும்பாலும் சத்தமே காட்டாம கருக்குழாய கெடுத்துடும், பின்னாடி குழந்தை தங்காமப் போகலாம். அதுக்கு அந்தப் பொண்ணே பஞ்சுக் குச்சியில எடுத்துத் தர்ற ஸ்வாப் போதும், மருந்தும் ஒரு வாரம்தான். செலவு பண்றதுன்னா இதுக்குப் பண்ணுங்க.

நெகட்டிவ்னதும் அனுப்பிடறது

சனிக்கிழமை ராத்திரி நடந்ததுக்கு திங்கக்கிழமை டெஸ்ட் எடுத்தா ஒண்ணும் தெரியாது. கிளாமிடியாவுக்கு ரெண்டு வாரம், எச்ஐவி லேப் டெஸ்ட்டுக்கு 45 நாள், சிபிலிசுக்கு மூணு மாசம் கழிச்சுப் பாத்தாதான் நெகட்டிவ்வ நம்பலாம். கடைசியா எப்பன்னு முதல்ல கேளுங்க.

ஜோடிய விட்டுட்டு ஒருத்தருக்கு மட்டும் மருந்து

ஜோடிகிட்டேருந்து திரும்பத் தொத்திக்கும், ஏழு நாள் டாக்ஸிசைக்ளின் (கிளாமிடியாவுக்குத் தர்ற மருந்து) வீண்.

மருந்து முடிஞ்ச மறுவாரமே திரும்ப டெஸ்ட்

செத்த கிருமியோட டிஎன்ஏவும் பாசிட்டிவ் காட்டும். மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க, திரும்பத் தொத்தியிருந்தாலும் அப்பத் தெரியும்.

அம்மா பக்கத்துல இருக்கும்போது கேள்வி கேக்கறது

கேக்காதீங்க. "கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா"ன்னு சொல்லி கதவச் சாத்திட்டு அப்புறம் கேளுங்க.