பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது? ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்து அளக்கலாம்

அக்கா பையன் இமாச்சலத்தில் மலையேறிவிட்டு வந்திருந்தான். "ஏனுங் மாமா, அங்கே விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி ஓடையைத் தாண்ட வெச்சுட்டாங்க. சாயங்காலம் பார்த்தா அதே ஓடையில காலை வைக்க முடியல" என்றான். அங்கே மலைமேல் கிடக்கும் பனிதான் அணைக்கட்டு. வெயில் ஏற ஏற உருகும், பிற்பகலில் ஓடை பெருகும், ராத்திரி குளிரில் வடிந்துவிடும். அந்தப் பனியையும் அளக்கிறார்கள். புதிதாக விழுந்த பனி ஒரு அடி உயரம் கிடந்தாலும் உருக்கினால் தோராயமாக ஓர் அங்குலத் தண்ணீர்தான் தேறும். அதனால் உயரத்தோடு எடையையும் பார்க்கிறார்கள்.

நம் கோவை வெள்ளியங்கிரி மலையில் அந்தக் கணக்கு கிடையாது. மேலே இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அந்த ஓடைகள் சேர்ந்துதான் நொய்யல். இங்கே பள்ளத்தில் (ஓடையைத்தான் எங்கள் பக்கம் பள்ளம் என்போம்) தண்ணீர் ஏறுவது மேலே பெய்யும் மழையால். சித்திரையிலும் ஐப்பசியிலும் அந்த மழை பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். நாம் குளிக்கிற இடத்தில் அப்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும், சிக்கலே அதுதான்.

சரி, அளப்பதற்கு வருவோம். முப்பது அடி டேப், அங்குலம் குறித்த ஒரு குச்சி, போன், இரண்டு ஆரஞ்சுப் பழம், கூட ஒரு ஆள். அவ்வளவுதான்.

1. இடம் பார்ப்பது

வளைவு இல்லாமல், பெரிய பாறை இல்லாமல், முப்பது அடிக்காவது நேராக ஓடும் இடம் வேண்டும். ஊரை ஒட்டிய பகுதியே போதும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், யானை நடமாட்டம் உள்ள இடங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேகமாகப் போனால் இறங்கவே வேண்டாம், அன்றைக்கு அளவும் வேண்டாம்.

2. அகலமும் ஆழமும்

இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு டேப்பைப் பிடியுங்கள். பத்து அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 1, 3, 5, 7, 9 அடிகளில் குச்சியை ஊன்றி ஆழம் பாருங்கள். 4, 8, 11, 9, 4 அங்குலம் வந்தால் சராசரி 7.2 அங்குலம், அதாவது 0.6 அடி. பத்தை 0.6ஆல் பெருக்கினால் 6 சதுர அடி. தண்ணீர் போகிற வாசலின் பரப்பு இது. நேரம் இருந்தால் முப்பது அடியின் மறுமுனையிலும் இதேபோல் பார்த்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள்.

3. பழத்தை விடுவது

முப்பது அடிக்கு இரண்டு முனையிலும் அடையாளம் வையுங்கள். மேல் அடையாளத்துக்குச் சற்று முன்னாலேயே பழத்தை நடு ஓட்டத்தில் போடுங்கள். அடையாளத்தைத் தொட்டதும் போனில் நேரத்தை ஓட விட்டு, கீழ் அடையாளத்தில் நிறுத்துங்கள். நாலைந்து தடவை செய்யுங்கள். ஒரே தடவையோடு விட்டால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

ஏன் ஆரஞ்சு? முதல் தடவை நான் காலித் தண்ணீர் பாட்டிலைத்தான் விட்டேன். ஆடி மாசம். அம்மியே பறக்கும் காற்றில் பாட்டில் என்ன செய்யும்! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, நொய்யலும் கிழக்கே ஓடுகிறது. பாட்டில் தண்ணீரை முந்திக்கொண்டு போனது. நான் அளந்தது ஆற்றை இல்லை, காற்றை. ஆரஞ்சு முக்கால்வாசி மூழ்கி மிதக்கும், காற்றுக்குப் பிடி கொடுக்காது. அளந்து முடித்ததும் சாப்பிட்டுவிடலாம், குப்பையும் இல்லை.

4. கணக்கு

சராசரி 20 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 1.5 அடி. ஆனால் இது மேல்மட்ட வேகம். அடியில் கல்லும் மண்ணும் உரசுவதால் தண்ணீர் அங்கே மெதுவாகப் போகும். அதனால் 0.8ஆல் பெருக்குங்கள்: 1.2 அடி. கல் நிறைந்த பள்ளம் என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். இதை 6 சதுர அடியால் பெருக்கினால் வினாடிக்கு 7.2 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக வினாடிக்கு சுமார் 204 லிட்டர். பத்திரிகையில் அணைக்கு "இத்தனை கன அடி நீர்வரத்து" என்று போடுகிறார்களே, அதே அளவைதான்.

5. அடையாளக் கல்

எனக்கு இதுதான் முக்கியமான படி. அளக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அசையாத பாறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் அதன் எந்தக் குழி, எந்தக் கீறல் வரை நிற்கிறது என்று தேதியோடு குறித்து, அன்றைய கன அடியையும் பக்கத்தில் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை ஆன பிறகு ஆரஞ்சே வேண்டாம், கல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குளிக்கும்போதும் அதே கல்லில் ஒரு கண் இருக்கட்டும். கீறல் மறைந்தால், தெளிந்த தண்ணீர் செவந்து கலங்கினால், சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் சோப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் கரையேறுங்கள். மலைச்சரிவில் பத்து சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 50 கோடி லிட்டர். அதில் ஒரு பங்கு ஒரே மூச்சில் இறங்கினாலும் பள்ளம் தாங்காது.

கோடையில் ஆரஞ்சு தரைதட்டும் அளவுக்கு ஓடை மெலிந்துவிடும். அப்போது கல்லும் மண்ணும் போட்டு சின்னதாக வரப்புக் கட்டி, ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, 15 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். ஆறு வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 2.5 லிட்டர். முடித்ததும் வரப்பைக் கலைத்துவிட்டு வாருங்கள், கீழே மாடு தண்ணீர் குடிக்க வரும்.