தேனீப் பெட்டிக்கு எறும்பு, கதண்டு, பல்லி வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

புதிதாகத் தேனீப் பெட்டி வாங்கிக் கொல்லையில் வைப்பவர்கள் கொட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது எறும்புக்கு. நம் ஊர் அடுக்குத் தேனீ தொல்லை தாங்காது. நச்சரிப்பு நீடித்தால் அடையை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டமாகப் பறந்துவிடும்.

படி 1: ஸ்டாண்டும் தண்ணீர்க் கிண்ணமும்

பெட்டியை ஒன்றரை, இரண்டு அடி உயர ஸ்டாண்டில் வையுங்கள். தரையில் வைத்தால் இரவில் தேரை வாசலிலேயே குந்திக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கும். ஸ்டாண்டின் ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்க வேண்டும். வாரம் இருமுறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழு நெளியும்.

கிண்ணம் வைத்தும் எறும்பு ஏறுகிறதா? குனிந்து பாருங்கள். காய்ந்த ஈர்க்கு ஒன்று கிண்ணத்தின் குறுக்கே விழுந்து பாலமாகியிருக்கும். அல்லது மாங்கொப்பு ஒன்று மேல்மூடியை உரசிக்கொண்டிருக்கும்; மரத்தில் கூடு கட்டும் முசுறுக்கு அந்த ஒரு இலை போதும். கொப்பை வெட்டுங்கள், புல்லைச் செதுக்குங்கள். எறும்புப் பொடியும் சாக்பீஸும் வேண்டவே வேண்டாம். எறும்பைக் கொல்லும் மருந்து தேனீயை மட்டும் விட்டுவைக்காது.

மழைக்காலத்தில் தேனீக்குத் தீனியாகச் சர்க்கரைப் பாகு வைத்தால் மாலையில் வையுங்கள். சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடையுங்கள்.

படி 2: வாசலைச் சுருக்குங்கள்

கூட்டம் சிறியதாக இருக்கும்போது வாசல் அகலமாக இருந்தால் காவல் தேனீக்களால் சமாளிக்க முடியாது. மரத்துண்டு வைத்து, இரண்டு மூன்று தேனீ போய்வரும் அளவுக்கு அடையுங்கள். கதண்டு என்ற பெரிய குளவி உள்ளே நுழைய முடியாது. ஆனால் வாசலுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, பாரத்தோடு திரும்பும் தேனீயைப் பிடிக்கும். காலையில் கொஞ்ச நேரம் பழைய பூப்பந்து மட்டையோடு நின்றால் ஒன்றிரண்டை அடிக்கலாம். அதன் கூட்டை நீங்களே கொளுத்தப் போகாதீர்கள். தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

படி 3: பல்லி

மேல்மூடி இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் இரவு விளக்கு எரியக் கூடாது. வெளிச்சத்துக்கு வரும் தேனீ பல்லிக்கு இரை.

படி 4: அடிப்பலகை

சோம்பேறித்தனம் இங்கேதான் கூட்டத்தைக் காவு கொடுக்கும். அடிப்பலகையில் உதிரும் மெழுகுத் தூளில்தான் மெழுகு அந்துப்பூச்சியின் புழு வளரும். வாரம் ஒருமுறை பலகையை உருவிச் சுரண்டி, தூளைத் தூரக் கொண்டுபோய் எரியுங்கள். அடையில் சிலந்தி வலை போன்ற நூலும் கரும்புள்ளிக் கழிவும் தெரிந்தால் புழு ஏறிவிட்டது. அந்தப் பகுதியை வெட்டி எடுங்கள். தேனீ மூடாத பழைய அடைகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்திலிருந்து தேன் கிடைக்கும் பருவம் முடிந்து ஜூன் மழை தொடங்கியதும் கூட்டம் மெலியும். அப்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

படி 5: பஞ்சுருட்டான்

வலுவான கூட்டத்துக்கு இந்தப் பறவையால் பெரிய சேதமில்லை. கல்லெறியாதீர்கள். நாள் முழுக்க அங்கேயே கம்பியில் உட்கார்ந்து வேட்டையாடினால், பெட்டியை மரநிழலுக்கு மாற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் தூக்கிப் போனால் வெளியே போன தேனீக்கு வழி தெரியாது. தினம் இரண்டடி வீதம் நகர்த்துங்கள்.