பழைய டிரம்பெட் வாங்கும் முன்

எந்தக் குழுவில் வாசிக்கப் போகிறீர்கள்? பிரிட்டிஷ் பாணி பிராஸ் பேண்ட் (பித்தளை ஊதுகருவிக் குழு) என்றால் டிரம்பெட்டுக்கு அங்கே இடமில்லை. அதைப் போன்ற, சற்றுக் குட்டையான கார்னெட்தான் வாங்க வேண்டும். இரண்டுக்கும் விரல் வைப்பு ஒன்றே.

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டாம் வால்வை (விரலால் அழுத்தும் நடு விசையை) அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டும் வளைகுழாயை, ஒரு சென்டிமீட்டர் இழுங்கள். சில நொடி விட்டு வால்வை அழுத்தினால் 'டொப்'பென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் இரண்டு சொட்டு வால்வு எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வராவிட்டால் வால்வு தேய்ந்திருக்கலாம்.

மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் பகுதி) செருகும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் அரித்துப்போகிறது என்று அர்த்தம். குழாயையே மாற்ற வேண்டிவரும். அதை வாங்காதீர்கள்.

ஊதினால் காற்றே போகவில்லையா? பெரும்பாலும் வால்வுகளை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள். வால்விலுள்ள எண் பார்த்து மாட்டுங்கள். இறுகிப்போன மவுத்பீஸை மட்டும் இடுக்கியால் திருகாதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும்.