பைக்ல டாப் பாக்ஸ் மாட்டப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

டாப் பாக்ஸ்னா சீட்டுக்குப் பின்னாடி கேரியர் மேல மாட்டுற பெட்டி. அத வாங்கப் போறவங்க முக்காவாசிப் பேர் கேக்குறது எத்தன லிட்டர், ரெண்டு ஹெல்மெட் உள்ள போகுமா, மழைல தண்ணி எறங்குமா, இவ்ளோதான். மாட்டுனதுக்கு அப்புறம் வண்டி எப்படி ஓடும்னு யாருமே கேக்குறதில்ல. ஒரு வாரம் கழிச்சு மெக்கானிக்கிட்ட போய் "அண்ணே ஹேண்டில் உதறுது, கோன்செட் (ஹேண்டில் திரும்புற எடத்து பேரிங்) போயிருச்சான்னு பாருங்க"ன்னு நிப்பாங்க.

எனக்கும் அப்படித்தான் ஆச்சு. என் 150 சிசி வண்டில 45 லிட்டர் பாக்ஸ் போட்ட புதுசு, பெரம்பலூர் தாண்டி திருச்சி ரோட்டுல போயிட்டிருந்தேன், டோல்கேட் வருதுன்னு ஆக்சிலரேட்டர விட்டுட்டு இடது கையால வைசர தூக்குனேன், வலது கையும் சும்மா லேசாத்தான் வச்சிருந்தேன், மீட்டர்ல 65 இருக்கும், ஹேண்டில் பட்டுனு இடதும் வலதுமா உதற ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சதும் நின்னுருச்சு. ஓரங்கட்டி பாக்ஸத் தொறந்து பாத்தா டூல்ஸ் பையும் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலும் நகந்து போய் பின் மூலைல கெடக்கு. பாட்டில எடுத்து பெட்ரோல் டேங்க் மேல மாட்டுற டேங்க் பேக்ல போட்டேன், டூல்ஸ் பைய சீட்டு மேல கட்டுனேன், அதுக்கப்புறம் மதுரை வரைக்கும் உதறவே இல்ல. வண்டில இருந்த மொத்த வெயிட் அதேதான், எடம்தான் மாறுச்சு.

முதல் தப்பு இங்கதான் ஆரம்பிக்குது. வெயிட் எவ்ளோன்னு மட்டும் பாக்குறோம், எங்க உக்காருதுன்னு பாக்குறதில்ல. டாப் பாக்ஸ் உக்காருறது பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி, போதாததுக்கு நல்ல ஒசரத்துல. சீசா மாதிரி யோசிங்க, பின் சக்கரம்தான் நடுக்கட்டை. பாக்ஸும் சாமானும் சேந்து 12 கிலோ, அது ஆக்ஸிலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னாடி இருக்கு, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 130 சென்டிமீட்டர்னு வச்சா, முன் சக்கரத்து மேல இருக்குற பாரத்துல கிட்டத்தட்ட 2.8 கிலோ கொறஞ்சிரும், பின் சக்கரத்துக்கு 12 இல்ல, 14.8 கிலோ ஏறும். ரெண்டே முக்கா கிலோ என்ன பெரிய விஷயம்னு தோணும், ஆனா பின்னாடி ஒரு ஆளும் உக்காந்து மேடும் ஏறுனா இதோட அதுவும் சேந்துக்கும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அதுல ஃபுல் லோடோட ஏறிப் பாத்தவங்களுக்குத் தெரியும், ஹேண்டில் காத்துல மெதக்குற மாதிரி இருக்கும், திருப்புனா வண்டி கொஞ்சம் லேட்டாத்தான் கேக்கும்.

அத விட முக்கியமானது ஆட்டம். தண்ணிக் குடத்த இடுப்புல வச்சு நடந்தா ஒண்ணும் தெரியாது, அதே குடத்த கைய நீட்டிப் பிடிச்சுக்கிட்டு திரும்பிப் பாருங்க, குடம் நம்மள இழுக்கும், நிப்பாட்டவும் முடியாது. வெயிட் நடுவுலேந்து தள்ளிப் போகப் போக அதோட இழுவை தூரத்தோட வர்க்கத்துல ஏறும், தூரம் ரெண்டு மடங்குன்னா இழுவை நாலு மடங்கு. அதனாலதான் வேகத்துல பின்பக்கம் மெதுவா வால் ஆட்டுற மாதிரி நெளியுறதும், வேகம் கொறையும்போது ஹேண்டில் படபடன்னு உதறுறதும் வருது. அப்படி உதறுனா சடார்னு பிரேக் பிடிக்காதீங்க, ஹேண்டில முறுக்கிப் பிடிச்சு சண்டையும் போடாதீங்க. ரெண்டு கையும் வச்சு, உடம்ப கொஞ்சம் முன்னாடி சாச்சு, ஆக்சிலரேட்டர மெதுவா கொறைங்க.

இவ்ளோ இருக்கும்போது நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா, பின்னாடி உக்கார்றவங்களுக்கு எடம் வேணும்னு பாக்ஸ் உக்காருற பிளேட்ட இன்னும் நாலு இஞ்ச் பின்னாடி தள்ளி மாட்டச் சொல்றாங்க. பின்னாடி ஆள் உக்காந்து முதுகு பாக்ஸ்ல உரசாம இருந்தா போதும், அதுக்கு மேல ஒரு இஞ்ச் கூடத் தள்ள வேண்டாம். பெரும்பாலும் தனியாதான் ஓட்டுறீங்கன்னா எவ்ளோ முன்னாடி வருமோ அவ்ளோ முன்னாடி வைங்க.

அடுத்தது லிட்டர பாத்து கிலோவ மறக்குறது. 45 லிட்டர் பாக்ஸ்னா 45 லிட்டரும் ரொப்பலாம்னு அர்த்தம் இல்ல. கிவி கம்பெனி பாக்ஸ எடுத்துக்கோங்க, பாக்ஸ பிளேட்ல பூட்டுற முறைல ரெண்டு வகை இருக்கு, மோனோகீ வகைல பொதுவா 10 கிலோ, மோனோலாக்ல பல பாக்ஸுக்கு வெறும் 3 கிலோதான் லிமிட். ஒரு ஹெல்மெட், ஒரு ரெயின்கோட், ஒரு லிட்டர் தண்ணி, அதோட 3 கிலோ கதை முடிஞ்சது. கேரியருக்குன்னு ஒரு லிமிட் தனியா இருக்கும், பாக்ஸ், கேரியர் ரெண்டுல எது கம்மியோ அதுதான் உங்க கணக்கு. துணிமணி, ரெயின்கோட் மாதிரி லேசான சாமான்தான் டாப் பாக்ஸுக்கு, கனமானதெல்லாம் டேங்க் பேக்லயோ சைடு பாக்ஸோட அடிலயோ போகட்டும்.

காசு மிச்சம்னு பட்டறைல கேரியர் அடிக்கிறதும் நடக்குது. அடிக்கலாம், ஆனா பைப் எங்க பிடிக்குதுன்னு கவனிங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட வண்டில கிராப் ரெயில் (பின்னாடி உக்கார்றவங்க பிடிச்சுக்குற கம்பி) ரெண்டு போல்ட்டு மேல மட்டுமே மொத்த கேரியரும் தொங்குச்சு, கீழ தாங்குறதுக்கு ஒரு ஸ்டே (முட்டுக் கம்பி) கூட இல்ல. எட்டு மாசத்துல வெல்டிங் ஓரமா முடி மாதிரி ஒரு கோடு, அதுலேந்து துரு கசிஞ்சு பெயிண்ட்ல செம்மண் கலர்ல எறங்கியிருந்துச்சு. கைய வச்சு அமுக்குனா கோடு தொறந்து மூடுது. ஒரு பெரிய பள்ளத்துல எறக்கியிருந்தா ரோட்டுல பாக்ஸ் தனியா போயிருக்கும். பின்னாடி லாரி வந்தா என்ன ஆகும்னு நெனச்சாலே பகீர்ங்குது. அதனால சேஸிஸ்லேந்து ஒரு ஸ்டே கட்டாயம் வேணும், 8.8னு தலைல போட்டிருக்குற உறுதியான ரக போல்ட்டு, அதிர்வுல கழலாம இருக்க உள்ள நைலான் வளையம் வச்ச நைலாக் நட்டு போடுங்க. சில மவுண்ட்ல பிளேட்டுக்கு அடில ரப்பர் புஷ் இருக்கும், லேசா ஆடுதேன்னு அதக் கழட்டிட்டு இரும்போட இரும்பா டைட் பண்ணாதீங்க, அதிர்வு அப்படியே வெல்டிங்குக்குப் போகும்.

டயர் காத்து, ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்தாம விடுறது ரொம்ப சாதாரணமா நடக்குற தப்பு. பல்சர் 150ல பின் டயருக்கு தனியா போனா 28 psi, பின்னாடி ஆள் இருந்தா 32 psi. ஃபுல் லோடு பாக்ஸோட போறப்ப ஆள் இருக்குற கணக்குக்கு அடிங்க. உங்க வண்டிக்கு எவ்ளோன்னு மேனுவல்ல பாத்துக்கோங்க. பின் ஷாக்கோட ஸ்பிரிங் டைட்டையும் ஒண்ணு ரெண்டு நாட்ச் (படி) ஏத்துங்க, ரெண்டு பக்கமும் ஒரே நாட்ச்ல இருக்கணும். பின்பக்கம் அமுங்கியே கெடந்தா ஹெட்லைட் மேல தூக்கி எதுத்தாப்புல வர்றவர் கண்ணுல அடிக்கும், அதோட வண்டி அமுங்குனதால சைடு ஸ்டாண்டு போட்டா நிமிந்து நிக்கும், லேசா தட்டுனாலே வலது பக்கம் சாஞ்சிரும். லோடோட நிறுத்துறப்ப சென்டர் ஸ்டாண்டு போடுங்க. செயினும் லோடு ஏத்துனா டைட் ஆகும், ஆள உக்கார வச்சு ஒரு தடவ செயின் ஆட்டத்தப் பாத்துருங்க.

சைடு பாக்ஸ் மாட்டுறவங்க சாரி கார்டக் கழட்டிப் போட்டுர்றாங்க. அதக் கழட்டாதீங்க, பின்னாடி உக்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்காம பாதி சக்கரமாவது மூடியிருக்கணும்னு மோட்டார் வாகன விதி 123லயே இருக்கு. அம்மாவோ அக்காவோ பொடவையோட உக்காரப் போறாங்க. சைலன்சர் பக்கம் பாக்ஸுக்கு நல்லா இடைவெளி விடுங்க, ரெண்டு பக்கமும் வெயிட் சமமா இருக்கணும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போறவங்களுக்குத் தனியா ஒண்ணு. அங்க காத்து பக்கவாட்டுல அடிக்கும், அதனாலதான் அவ்ளோ காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. டாப் பாக்ஸ் ஒரு பாய்மரம் மாதிரி, உள்ள காலியா இருந்தாலும் காத்து பின்பக்கத்தத் தள்ளும். பஸ்ஸ ஓவர்டேக் பண்ணி வெளிய வர்ற நொடிலதான் பட்டுனு அடிக்கும். ஆடி மாசம் அந்தப் பக்கம் போறீங்க, பாக்ஸ்ல ஒண்ணும் இல்லன்னா கழட்டி வீட்டுல வச்சுட்டுப் போங்க.

பாக்ஸ் மாட்டுன அன்னிக்கே ஊருக்குக் கெளம்பாதீங்க. மொதல்ல காலி பாக்ஸோட, அப்புறம் பாதி லோடோட, அப்புறம் ஃபுல் லோடோடன்னு வீட்டுப் பக்கத்து ரோட்டுலயே 40, 50, 60னு ரெண்டு கையும் ஹேண்டில்ல வச்சு ஓட்டிப் பாருங்க. 200 கிலோமீட்டர் ஓடுனதும் ஸ்பேனர எடுத்து எல்லா போல்ட்டையும் ஒரு தடவ டைட் பண்ணுங்க, புதுசா மாட்டுனதுல ஒண்ணாவது லூஸாயிருக்கும்.