கல் தூசிக்குத் துண்டு போதாது

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளைத் தாண்டி பைக்கில் போய்வந்து முகம் கழுவினால், தண்ணீர் வெள்ளையாக ஓடும். அது பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசிதான் வில்லங்கம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகளோ நுரையீரலின் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே உண்டாகும் அழற்சி இரத்தக் குழாய்களையும் பாதிக்கும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடும். பாலைவனப் புழுதிக்கும் இதே கதைதான்; கிரானைட் தூசியில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமம் அதிலும் உண்டு.

தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நம்மூர் வழக்கம். இந்த நுண்துகளுக்கு அது கொசுவலையில் மாவு சலிப்பது மாதிரி. என்95 மாஸ்க் வாங்குங்கள். மூக்கின் மேல் வரும் கம்பியை அழுத்திவிட்டு ஊதிப் பாருங்கள், ஓரத்தில் காற்று கசியக் கூடாது. தாடி இருந்தால் கசியும் (சொன்னால் யார் கேட்கிறார்கள்!).

அப்புறம், காய்ந்த தூசியை அப்படியே கூட்டாதீர்கள். வாசல் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். வீட்டுக்குள் ஈரத்துணி போதும்.

பட்டறையில் வேலை செய்பவருக்கு இருமல் வாரக்கணக்கில் நின்றபாடில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். சிலிக்கோசிஸ் (சிலிக்கா தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய்) வந்தால் நுரையீரல் பழையபடி ஆகாது. என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.