தீயணைப்பு நிலையத்தில் தலைமைப் பொறுப்பேற்பவர் செய்ய வேண்டியவை

தீயணைப்புத் துறையில் மூத்த அலுவலராக உயர்பவர் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஹோஸ் பிடித்தவராகவும், புகைக்குள் தவழ்ந்தவராகவும், ஏணியின் உச்சியில் நின்றவராகவும் இருப்பார். நெருப்பைக் கண்டதும் அவருடைய கால்கள் தாமாகவே முன்னே போகும். பொறுப்பேற்ற நாளிலிருந்து அந்தக் கால்களை நிறுத்திவைக்கப் பழகுவதுதான் அவருக்கு மிகக் கடினமான பாடம் என்று நான் கருதுகிறேன். உள்ளே போன ஒவ்வொருவரையும் வெளியே நின்று கணக்கு வைத்துக்கொள்ளவும், அவர்கள் எப்போது திரும்பி வர வேண்டும் என்று முடிவு செய்யவும், தேவையானால் இனி யாரும் உள்ளே போகக் கூடாது என்று தடுக்கவும் ஒருவர் வேண்டும். காலை வருகைக் கணக்கிலிருந்து ஆண்டறிக்கை வரை இந்த வழிகாட்டியில் வரும் பணிகள் யாவும் அந்த ஒருவராக இருப்பதற்கான ஆயத்தங்களே.

பொறுப்பேற்றவுடன்

முதல் சில நாட்களில் புதிய உத்தரவு எதையும் பிறப்பிக்காதீர்கள். முந்தைய ஓராண்டின் அழைப்புப் பதிவேட்டை எடுத்து முழுவதும் படியுங்கள். எந்த நேரத்தில், எந்தப் பகுதியிலிருந்து, எத்தகைய அழைப்புகள் வந்தன என்பதும், அழைப்பு வந்ததற்கும் வண்டி கிளம்பியதற்கும் இடையே எத்தனை வினாடிகள் கழிந்தன என்பதும் அதில் இருக்கும். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1710 எண் கொண்ட தரநெறி, தீ அழைப்புக்குப் பணியாளர்கள் உடையணிந்து புறப்பட 80 வினாடிகளும், முதல் வண்டி சம்பவ இடத்தை அடைய 240 வினாடிகளும் என்று இலக்கு வைக்கிறது. உங்கள் நிலையத்தின் இலக்கு வேறாக இருக்கலாம். எதுவாயினும், அதை உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தாமதம் சாலையில் நேர்கிறதா, நிலையத்துக்குள்ளேயே நேர்கிறதா என்பது புலப்படும். நிலையத்துக்குள் நேரும் தாமதத்தை நீக்குவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்து, பொறுப்புப் பகுதியை வண்டியிலேயே சுற்றிப் பாருங்கள். தாழ்வான பாலம், பெரிய வண்டி திரும்ப முடியாத சந்து, நீர் எடுக்கக்கூடிய தொட்டி அல்லது குளம், வேதிப்பொருள் வைத்திருக்கும் கிடங்கு, எழுந்து நடக்க முடியாதவர்கள் தங்கியிருக்கும் மருத்துவமனை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் அடங்கும் முன்திட்டம் எழுதி வண்டியிலேயே வைக்க வேண்டும். பத்துப் பக்கம் எழுதினால் அதிகாலை இரண்டு மணிக்கு அதை யாரும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை.

உங்கள் பணியாளர்களையும் அதே கவனத்தோடு அறிந்துகொள்ள வேண்டும். யார் பம்ப்பை நன்றாகக் கையாள்கிறார், யாருக்கு உயரம் ஒத்துவராது, யார் முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு வேலை செய்கிறார் என்பவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

காலைச் சோதனை

பணிமுறை மாறும்போது நடக்கும் சோதனையை வெறும் கையெழுத்துச் சடங்காக மாற விட்டுவிட்டால், அதன் விலையை வேறொரு நாளில், வேறொருவர் கொடுக்க நேரும். வாரம் ஒருமுறையேனும் நீங்களே உங்கள் கையால் செய்து பாருங்கள். சுவாசக் கருவியின் சிலிண்டர் வால்வைத் திறந்து அழுத்தமானியைப் பாருங்கள். 300 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) காட்ட வேண்டிய முள் 250-இல் நின்றால், சிலிண்டரை மாற்றுவதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. முந்தைய நாள் பயிற்சிக்குப் பின் நிரப்பாமல் வைத்தார்களா, ஏதேனும் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று அன்றே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு வால்வை மூடி, குழாயில் உள்ள காற்றை மெல்ல வெளியேற்றுங்கள். முள் இறங்கி ஏறத்தாழ 55 பார் அளவுக்கு வரும்போது எச்சரிக்கை விசில் ஒலிக்க வேண்டும். அது ஒலிக்காத கருவி அன்றைக்கு வண்டியில் ஏறக் கூடாது. பதிவேட்டில் நேற்று அதற்கு எதிரே ‘சரி’ என்று எழுதியிருந்தாலும் சரியே.

பம்ப்பை இயக்கிப் பார்ப்பது என்றால் இன்ஜின் ஓசையைக் கேட்பதோடு நின்றுவிடாமல், உண்மையிலேயே நீரை உறிஞ்சி வெளியே பாய்ச்சிப் பார்ப்பது என்று பொருள். ஈரத்தோடு சுருட்டிய ஹோஸ் பூஞ்சை பிடிக்கும்; இணைப்பில் ஒரு ரப்பர் வாஷர் விழுந்துபோயிருந்தால் சம்பவ இடத்தில் நீர், ஹோஸின் முனையில் பொருத்திய பிராஞ்சுக்குப் போவதற்குப் பதிலாகத் தரையில் பீய்ச்சும். இவை சிறிய குறைகள்தாம். எனினும் குறை கண்டவர் அதைத் தயங்காமல் உங்களிடம் வந்து சொல்கிறாரா என்பதைப் பொறுத்தே நிலையத்தின் நலம் அமைகிறது. குறையைச் சொன்னவரையே கடிந்துகொள்ளும் அலுவலரிடம் அடுத்த முறை யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

பயிற்சியைப் பொறுத்தவரை, விருந்தினர் முன்னிலையில் நடத்தும் அழகான டிரில்லை விட, பணியாளர்கள் தடுமாறும் வேலையை வாரம் அரைமணி நேரம் திரும்பத் திரும்பச் செய்விப்பதே பயன் தரும். முகமூடியின் கண்ணாடியை மறைத்துவிட்டு ஹோஸைத் தடவிக்கொண்டே வெளியேறுவது, சிக்கிக்கொண்டால் வாக்கி டாக்கியில் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லித் தாம் இருக்கும் இடத்தைத் தெரிவிப்பது ஆகியவற்றைப் பதற்றமில்லாத நாளில் செய்து பழகாதவர் பதற்றத்தில் செய்ய இயலாது.

சம்பவ இடத்தில்

வண்டியை விட்டு இறங்கியதும் முடிந்தால் கட்டடத்தை முழுவதுமாக ஒருமுறை சுற்றி வாருங்கள். முன்பக்கத்தில் மெல்லிய புகை மட்டும் தெரியும் கட்டடத்தின் பின்பக்கத்தில் மூன்று சன்னல்களிலிருந்து சுவாலை வெளிவந்துகொண்டிருக்கலாம். சுற்றி வந்தபின் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் முதல் செய்தி நான்கு விஷயங்களைக் கொண்டிருக்க வேண்டும்: எத்தகைய கட்டடம், எங்கே எரிகிறது, உள்ளே யாரேனும் இருக்கிறார்களா, இன்னும் என்ன உதவி தேவை. கூடுதல் வண்டி வேண்டுமா என்ற ஐயம் எழுந்தால் அப்போதே கேட்டுவிடுங்கள். தேவைப்படாத வண்டியைத் திருப்பி அனுப்புவது எளிது.

நீர்க் கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 4,500 லிட்டர் கொள்ளளவுள்ள வண்டியிலிருந்து நிமிடத்துக்கு 450 லிட்டர் வெளியேறினால் பத்தே நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும். இரண்டாவது நீர் ஆதாரத்துக்கான ஏற்பாடு முதல் நிமிடத்திலேயே தொடங்க வேண்டும் என்பது இதனால்தான். மேல்தளத்தில் அடிக்கும் நீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நிமிடத்துக்கு 500 லிட்டர் வீதம் இரண்டு ஹோஸ்கள் இருபது நிமிடங்கள் நீரைப் பாய்ச்சினால் 20 டன் நீர் கட்டடத்துக்குள் போயிருக்கிறது. படிக்கட்டு வழியே அது வழிந்து வராவிட்டால், ஏற்கெனவே வெந்து பலமிழந்த தளம் அந்த எடையைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே ஆட்களை நிறுத்தக் கூடாது.

உள்ளே ஆள் அனுப்பலாமா, வெளியிலிருந்தே அணைப்பதா என்பதுதான் உங்கள் முதன்மையான முடிவு. காப்பாற்றக்கூடிய உயிர் உள்ளே இருந்தால் கணக்கிட்டு அபாயத்தை ஏற்கலாம். போய்விட்ட பொருளுக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. கூரையை ஒட்டிய புகையின் வெப்பம் ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது அறை முழுவதும் ஒரே வீச்சில் தீப்பற்றிவிடும். அடர்ந்த கரும்புகை வேகமாகத் தாழ்ந்து வருவதும், புகைக்குள்ளேயே நெருப்பு நாக்குகள் ஓடுவதும் அதற்கு முன்னறிகுறிகள். உள்ளே குனிந்து வேலை செய்பவருக்கு இவை தெரியாமல் போகலாம். சில வேளைகளில் வெளியே நிற்கும் உங்களுக்கே முதலில் தெரியும்.

உள்ளே இருப்பவர்களின் கணக்கைக் காட்டும் நுழைவுப் பலகையை ஒருவரிடம் ஒப்படையுங்கள்; அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரின் பெயர் வில்லையும் அவரிடம் வர வேண்டும். நுழைந்த நேரமும் சிலிண்டரின் அழுத்தமும் பலகையில் எழுதப்பட வேண்டும். 6.8 லிட்டர் சிலிண்டர் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்றைக் கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் அது 50 நிமிடங்களுக்குப் போதும். ஆனால் ஒருவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் வீரர் அதைப்போல் இருமடங்கு இழுத்துவிடுவார். அப்போது அந்த 50 நிமிடம் 25 ஆகிவிடும், அதிலும் திரும்பி வருவதற்கான இருப்பைக் கழிக்க வேண்டும். இருவராகப் போகும் அணியில் ஒருவரிடம் 290 பாரும் மற்றவரிடம் 250 பாரும் இருந்தால், 250-ஐ வைத்துத்தான் இருவருக்கும் நேரம் குறிக்க வேண்டும். குறித்த நேரத்தில் அவர்கள் வெளியே வராவிட்டால் பலகைக்காரர் உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே அழைக்க வேண்டும், பதில் இல்லையென்றால் ஆயத்தமாக நிற்கும் மீட்பு அணி நகர வேண்டும். அந்த மீட்பு அணியை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும் ஆசை ஒவ்வொரு பெரிய தீயிலும் வரும். இடங்கொடுக்காதீர்கள்.

ஒருவர் நேரடியாகக் கவனிக்கக்கூடிய அணித்தலைவர்கள் மூன்று முதல் ஏழு பேர் என்றும், ஐந்து பேர் என்பதே உகந்த அளவு என்றும் சம்பவத் தலைமை முறை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அதற்கு மேல் போனால் பகுதிகளாகப் பிரித்துப் பொறுப்பாளர்களை நியமியுங்கள்.

1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ஆறு தளக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று எரிந்தது. உள்ளே வீடற்றவர்கள் இருக்கலாம் என்ற தகவலால் தேடப்போன இருவர், சன்னல்கள் அநேகமாக இல்லாத அந்தக் கட்டடத்தின் புகையில் வழி தவறினர். அவர்களைத் தேடிப் போனவர்களில் நால்வரும் திரும்பவில்லை. அந்த வீடற்றவர்கள் முன்னமே வெளியேறிவிட்டிருந்தது பின்னர்தான் தெரிந்தது. அப்போது அங்கே பொறுப்பிலிருந்த தலைவர் வாசலை மறித்து நின்று, தோழர்களைத் தேடி இன்னும் உள்ளே போகத் துடித்தவர்களைத் தடுத்தார். ஒரு மூத்த அலுவலர் தம் வாழ்நாளில் எடுக்க நேரும் மிகக் கொடிய முடிவு அதுவாகத்தான் இருக்கும். அதை எடுக்கும் உறுதி அந்த வாசலில் திடீரென்று வந்துவிடாது. எந்தக் கட்டத்தில் நிறுத்துவேன் என்று முன்கூட்டியே சிந்தித்து வைத்திருக்க வேண்டும்.

திட்டத்தை மாற்றும் துணிவும் அதே அளவுக்குத் தேவை. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பற்றிய தகவல் நள்ளிரவு 12.54-க்கு வந்தது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று குடியிருப்போருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, தீ ஒரு வீட்டுக்குள் அடங்கி நிற்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. தீ வெளிச்சுவர் வழியே மேலேறியபின் அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று. ஆயினும் அறிவுரை 2.47-க்குத்தான் கைவிடப்பட்டது. 1.30-க்கும் 1.50-க்கும் இடையிலேயே அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், அப்படி ஒரு சூழலை அடையாளம் காண அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை என்றும் விசாரணை கண்டது. 72 பேர் இறந்தனர். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருமுறை, நான் எதை நம்பி இந்தத் திட்டத்தை வகுத்தேனோ அது இன்னும் உண்மையாக இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை உங்களுக்கு நினைவூட்டும் உரிமையை உதவியாளருக்கும் கொடுங்கள்.

தீ அணைந்தபின்

கடைசிப் பெயர் வில்லையும் உரியவரிடம் திரும்பும்வரை சம்பவம் முடிந்துவிட்டது என்று அறிவிக்கக் கூடாது. தீ தொடங்கிய இடமாகத் தோன்றும் பகுதியைத் தேவைக்கு மேல் கிளறாமல் புலனாய்வுக்காகப் பாதுகாத்து வையுங்கள்.

தீயணைப்புப் பணியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. ஆகவே கரி படிந்த உடையோடு வண்டியின் இருக்கையில் ஏறுவதை அனுமதிக்காதீர்கள். சம்பவ இடத்திலேயே உடையை நீர்விட்டுக் கழுவி, தனிப் பையில் இட்டு, கைகளையும் கழுத்தையும் துடைத்தபின் கிளம்பும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். கறுத்த உடையைப் பெருமையின் சின்னமாகக் காணும் பழைய மனப்பான்மை மாற, முதலில் அலுவலரின் உடை சுத்தமாக இருக்க வேண்டும். மாரடைப்பும் இப்பணியில் பலரைப் பறித்திருக்கிறது. வேலையின் இடையே ஓய்வும் நீரும் கட்டாயமாக இருக்கட்டும். கேட்டுப் பெறும் சலுகையாக அவற்றை வைக்காதீர்கள்.

குழந்தையின் உடலைத் தூக்கிவந்தவர் அன்று மாலை சிரித்துப் பேசலாம். மூன்று வாரம் கழித்து உறங்க முடியாமல் தவிக்கலாம். மறுநாளும், அந்த மூன்றாவது வாரத்திலும் அவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். தேவையானால் மருத்துவ உதவிக்கு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். அது அவருடைய பணிப்பதிவில் குறையாக ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதிக் கோரிக்கை, கொள்முதல், விடுப்பு, பதிவேடுகள் ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் அன்றன்றே முடிப்பது போதும். கட்டட ஆய்வில் மட்டும் கூடுதல் கண்டிப்பு வேண்டும்: பூட்டிய அவசர வழியைக் கண்டும் சான்று கொடுத்த கையெழுத்து, தீப்பற்றும் நாளில் உங்கள் ஆட்களையே அந்தக் கதவின் முன் கொண்டுபோய் நிறுத்தும்.

சம்பவத்துக்குப் பிந்தைய கலந்துரையாடலை, நீங்கள் எடுத்த முடிவுகளில் எது தவறியது என்று சொல்லித் தொடங்குங்கள். மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அடுத்த சிறிய தீ அழைப்பில் தலைமையை உங்கள் அடுத்த நிலை அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்கு இரண்டடி பின்னால் நில்லுங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி இடையிட வேண்டாம். அவர் சுற்றி வந்து பார்த்தாரா, பலகையை யாரிடம் கொடுத்தார், மீட்பு அணியைத் தொடாமல் வைத்திருந்தாரா என்று குறித்துக்கொண்டு, நிலையத்துக்குத் திரும்பியதும் அவரோடு மட்டும் பேசுங்கள்.